போர்மீனைப் புதுத்தொட்டியிற் குடியேற்றல்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில், காவிரியாறு வடபால் கொள்ளிடமாகவும் தென்பால் காவிரியாகவும் பிரிந்து, திருவரங்கத்தை நடுவிட்டுச் செல்கின்றது. ஆறு கிளைக்கும் அவ்விடமே முக்கொம்பு எனப்படும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிந்தும் இருத்தலின், நீரெல்லாம் அவ்வழியே ஓடித் தஞ்சை நாட்டு வயல்கள் வாடின. அக்குறை நீங்க, 1836 முதல் 1838 வரை சர் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணை ஈண்டு உள்ளது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்த செய்தியை அன்பர்கள் மறந்திரார். எனினும், யாம் எழுதப் புகுந்தது அணையைப் பற்றியன்று. ஒரு சாணுக்கும் மிகக் குறுகிய ஒரு சிறு மீனைப் பற்றியே. அம்மீனுக்கும் முக்கொம்புக்கும் உள்ள இயைபு யாதெனின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் சிலர் தம் அறையில் வளர்த்த மீனைக் கொணர்ந்து ஆற்றில் விட்டுச் செல்லும் இடம் அதுவே என்க. அவ்வாறு விடுதல் தகுமா என்பதைப் பின்னர் ஆராய்வோம். வளர்க்கக் கருதினார் முதற்கண் அதனை உயிரோடு தொட்டியிற் சேர்க்குமாறு அறிதல் வேண்டும்.

அம்மீனைக் கடைக்காரர் 'பைட்டர்' என்பர். சியாம் தேசத்துப் போர்மீன் என்பது அதன் பழைய வழக்கு. இரண்டு ஆண்மீன்களை ஒரு கலத்தில் இட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் இயல்பினது ஆதலின் அப்பெயர் பெற்றது. 1840ஆம் ஆண்டில் சியாம் மன்னர் தந்த சில மீன்கள் தியோடர் கான்டர் என்னும் தேனிய மருத்துவரின் கைக்கு வந்தன. 1849இல் அவர் அதனை விவரித்தெழுதினார். ஆயின் அவர் இட்ட பெயர் வேறொரு மீனுக்கு உரியது எனக் கண்டு, 1910இல் டேட் ரீகன் என்பார் 'பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்' எனப் புதுப்பெயர் சூட்டினார். தாய்லாந்து நாட்டார் 2019இல் அதனைத் தம் தேசிய நீர்வாழுயிராக அறிவித்தனர். அதன் பிறப்பிடம் நெல்வயலும், வாய்க்காலும், புல் மண்டிய சதுப்புமாகும். தமிழ் நூலோர் வழக்கிற் கூறின், அது சியாம் நாட்டு மருதநிலத்து மீன்.

ஈண்டு ஒரு பெரும்பிழையை எடுத்துக் காட்டுதல் இன்றியமையாதது. ஆழமற்ற நீரில் வாழ்வது ஆதலின், இம்மீனுக்குத் தேநீர்க் குவளை அளவு நீரே போதும் என்று பலர் கருதுகின்றனர். கடைகளிலும் அதனைச் சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களில் அடுக்கி வைத்தல் காண்கின்றோம். வயல்நீர் ஆழத்திற் குறைந்ததே; பரப்பிலோ பெரிது. முழங்கால் அளவு நீர் ஊரெல்லை வரை பரந்து கிடப்பது ஒன்று. கைப்பிடி நீர் ஒரு கிண்ணத்தில் அடைபட்டிருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலே இம்மீன்கள் வாங்கிய சில நாட்களில் மாய்வதற்கு முதற்காரணம் என்பது எம் கருத்து.

குறைந்த நீரிலும் அது உடனே சாவாமைக்கு ஏது யாது? செவுளின் மேற்பாகத்தில் மடிப்பு மடிப்பாய் அமைந்த ஓர் அறை அதற்கு உண்டு. அது நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றை விழுங்க, அக்காற்று அவ்வறையிற் தங்கி இரத்தத்திற்குப் பிராணவாயுவை அளிக்கின்றது. இவ்வுறுப்பு நம் நாட்டார்க்குப் புதியதன்று. வயற்சேற்றில் ஊர்ந்து செல்லும் பனையேறிக் கெண்டைக்கும் இஃது உண்டு. அக்கெண்டையைத் தரங்கம்பாடிக்கு அருகில் ஒரு பனைமரத்தின்மேல் ஏறக் கண்டு பிடித்ததாக டால்டார்ப் என்னும் தேனிய அதிகாரி எழுதிய குறிப்பு, 1797இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அவர் கண்டது 1791ஆம் ஆண்டில். அக்காலத்தே தரங்கம்பாடியில் ஊழியஞ் செய்த ஜான் ஐயர், காவிரிக் கழிமுகத்து மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரத்துப் பிளாக் என்னும் மீனூலறிஞர்க்கு அனுப்பிவந்தார். அவர் பெயராலேயே 'ஜானியஸ்' என்று ஒரு கடல்மீன் இனம் வழங்குகின்றது. மிஷன் ஊழியர் அச்சுக்கூடமும் பள்ளியும் மட்டுமே தந்து சென்றார் என்று எண்ணுவார் இதனையும் நினைவிற் கொள்க. சந்தையில் விரால்மீனை அகன்ற பாத்திரத்தில் நாலு விரல் நீர் விட்டு உயிரோடு விற்கின்றார் அல்லரோ? விராலும் அவ்வண்ணமே மேற்காற்றை உண்பதாலேயே அது கூடுகின்றது.

இதனால் அறியத்தக்க செய்திகள் இரண்டு. ஒன்று, போர்மீன் மூச்சுத்திணறிச் சாவது அரிது. அதனைக் கொல்வது பெரும்பாலும் நீரிற் கரைந்த நஞ்சே. மற்றொன்று, காற்றை எட்ட முடியாதபடி கலத்தை விளிம்புவரை நீரால் நிரப்பி மூடிவிட்டால், மீனாயிருந்தும் அது நீரில் மூழ்கி இறக்கும்.

அந்நஞ்சு யாது என்பதை இனிக் காண்போம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகின்றது; எஞ்சிய இரையும் கழிவும் அழுகி அதனையே பெருக்குகின்றன. நன்கு பழகிய தொட்டியில் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் சில, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் சிறிதளவிலேயே கொடியன. பின்னையது மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. புதுத்தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இல்லை. அவை போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஆகலின், கண்ணாடி பளபளவென்று இருத்தலும் நீர் பளிங்குபோல் தெளிந்திருத்தலும் தொட்டி ஆயத்தம் என்பதற்குச் சான்றாகா. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் எனச் சோதனைத் துளிமருந்து காட்டுவதே சான்று. அத்துளிமருந்து வண்ணமீன் கடைகளிற் கிடைக்கும்.

அத்தனை வாரம் பொறுக்க இயலாதார்க்கும் ஒரு வழியுண்டு. நோயற்ற மீன்கள் வாழும் பழந்தொட்டி ஒன்றிலிருந்து வடிகட்டியின் பஞ்சையோ, ஒருபிடி கூழாங்கல்லையோ ஈரம் உலராமற் கொணர்ந்து புதுத்தொட்டியில் இடுக. நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வனவேயன்றி நீரில் மிதந்து திரிவன அல்ல. இதனை அறியாதார் பழந்தொட்டியின் நீரைக் குடங்குடமாகச் சுமந்து வந்து, பஞ்சை மட்டும் குழாயடியில் வெளுக்கக் கழுவி இடுகின்றனர். நெல்லை எறிந்துவிட்டு உமியைக் களஞ்சியத்திற் சேர்த்தல் போலும் இது! இனி, மீனைக் குடியேற்றும் நாளன்று பழம்பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசுதலும் கூடாது, தொட்டிநீரிலேயே பிழிக.

தொட்டியின் அளவு 15 அல்லது 20 லிட்டருக்குக் குறையாதிருத்தல் நலம். உயரத்தினும் நீளமே வேண்டப்படுவது. போர்மீன் துள்ளும் இயல்பினது ஆதலின் மூடி வேண்டும். மூடிக்கும் நீருக்கும் இடையே நாலு விரல் காற்று நிற்றல் வேண்டும். நீண்ட துடுப்புடைய ஆண்மீன் ஓடும் நீரில் நீந்தி இளைத்துப்போம். எனவே வடிகட்டியின் ஓட்டம் மெல்லிதாதல் வேண்டும். பிளாஸ்டிக் செடிகளின் கூரிய விளிம்பு துடுப்பைக் கிழிக்கும். நாட்டுவாதுமை மரத்தின் உலர்ந்த இலை ஒன்றைக் கழுவி இடுதல் கீழ்நாட்டு மீன்வளர்ப்போர் மரபு. அவ்விலையின் துவர்ச்சத்து நீருக்குத் தேயிலை நிறம் ஊட்டும். அம்மரத்திற்கு நம் ஊர்த் தெருக்களில் பஞ்சமில்லை. எனினும் புகையும் தூளும் படிந்த சாலையோரத்து இலையைத் தவிர்க்க.

எந்நீரை விடுவது? முக்கொம்பிற் சென்று ஆற்றுநீர் முகந்து வருவதே இயற்கைக்கு ஒத்தது என்று சிலர் வாதிப்பர். கேட்க இனிதாயினும் இஃது ஏற்கத்தக்கதன்று. ஆற்றுநீரோடு மீன்பேனும், வெண்புள்ளி நோயின் வித்தும், வயல்களிலிருந்து வடிந்த பூச்சிமருந்தும் வந்து சேரக்கூடும். மாநகரின் குழாய்நீரும் காவிரி, கொள்ளிடம் என்னும் ஆற்றுப்படுகைகளிலிருந்து எடுக்கப்படுவதே. ஆனால் அது தூய்மை செய்யப்பட்டுக் குளோரின் கலக்கப்பட்டது. குளோரின் மீனின் செவுளை எரிக்கும். அகன்ற வாயுள்ள கலத்தில் ஊற்றி ஒரு பகலும் ஓர் இரவும் திறந்து வைத்தால் அது காற்றிற் கலந்து போம். அவசரமாயின், கடையில் விற்கும் குளோரின் நீக்கியை அதன் புட்டியிற் குறித்த அளவே இடுக. ஆழ்குழாய்க் கிணற்று நீரே உள்ள இல்லங்களில் அந்நீர் சற்றுக் கடினமாயிருப்பினும் கவலற்க. இம்மீன் பலவகை நீரையும் பொறுக்கும். அது பொறாதது திடீர் மாற்றம் ஒன்றே.

வெப்பநிலையும் அத்தகையதே. சென்டிகிரேடு 24 முதல் 28 டிகிரி வரை அதற்கு ஏற்றது. சித்திரை வைகாசியில் நம் ஊரின் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டுதலின், சன்னலோரத்தில் தொட்டியை வைத்தல் அடுப்பில் வைத்தலோடு ஒக்கும். ஓர் உஷ்ணமானியை வாங்கித் தொட்டியில் நிறுத்துக. அதன் விலை மீனின் விலையினும் குறைவு.

இனிப் பயணத்திற்கு வருவோம். சென்ற வைகாசியில் யாமும் நண்பர் இருவரும் நகரத்துக் கடையொன்றிலிருந்து ஒரு நீலநிற ஆண்மீனை வாங்கி, முக்கொம்புக்கு அணித்தான ஓர் சிற்றூரில் உள்ள நண்பர் இல்லத்திற்குக் கொண்டுசென்றோம். அதற்கு முன்னரே அத்தொட்டி பழம்பஞ்சோடு மூன்று வாரம் ஓடி, இருமுறை சோதிக்கப்பட்டிருந்தது. முதல்நாள் மீனுக்கு இரையிட வேண்டா என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டோம். வெறுவயிற்று மீன் பையிற் கழிவு மிகுதியாய் விடாது. வலையால் அள்ளாமல் ஒரு கிண்ணத்தால் நீரோடு முகந்து பையில் விடச் செய்தோம். ஏனெனில் அதன் துடுப்பு வலைக்கண்ணிற் சிக்கிக் கிழியும். பையில் மூன்றிலொரு பங்கு நீர், ஏனைய காற்று. சாதாரணக் காற்றே போதும். பிராணவாயு அடைக்க வேண்டுவதில்லை. பையை இருண்ட துணியாற் சுற்றி, ஒரு சிறு பெட்டியில் அசையாது வைத்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினோம். பேருந்தில் ஒரு மூதாட்டியார், "உள்ளே என்னப்பா?" என்று வினவி, மீன் என்றதும், "குழம்புக்கு இது பத்துமா?" என்று நகைத்தார்.

இல்லம் சேர்ந்தபின் பைநீரை அளந்தால் 31 டிகிரி, தொட்டிநீரோ 27. நான்கு டிகிரி வேறுபாடு நமக்கு ஒன்றுமில்லை. உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத மீனுக்கோ அது பேரதிர்ச்சி. மின்விளக்கை அணைத்துப் பையைத் திறவாமலே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டோம். இரண்டு நீரும் ஒத்த வெப்பம் அடைந்தபின் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்திற்கு ஒரு தேநீர்க் கரண்டியன்று, ஒரு சிறு கிண்ணம் தொட்டிநீரைப் பையில் வார்த்துவந்தோம். அரைமணி நேரத்தில் பைநீர் இருமடங்காயிற்று. பின்பு மீனைக் கிண்ணத்தால் முகந்து, கூடியமட்டும் பைநீரை வடித்துவிட்டு, தொட்டிக்குள் கிண்ணத்தைச் சாய்த்தோம். தானே நீந்தி வெளிப்படும்வரை பொறுத்தோம். கடைநீரைத் தொட்டியில் ஊற்றாமைக்குக் காரணம், அதிலுள்ள கழிவும் நோய்வித்துமே.

இம்முறை ஒரு மணி, இரண்டு மணிப் பயணத்திற்கே பொருந்தும். சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலிருந்து ஒருநாளோ இருநாளோ அடைபட்டு வரும் மீனுக்கு இது நேர்மாறான கேட்டை விளைக்கும். இதனைப் பலர் அறியார் ஆதலின் சற்று விரித்துரைப்போம். மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கரியமிலவாயு மிகுந்து, நீர் புளிப்புத் தன்மை அடைகின்றது. புளித்த நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்தவுடன் கரியமிலவாயு வெளியேறுகின்றது, புளிப்புக் குறைகின்றது, அடங்கிக் கிடந்தது மீண்டும் கொடிய அம்மோனியாவாக மாறுகின்றது. நீரின் 'பி.எச்.' என்னும் அளவு ஒன்று உயர்ந்தால் அந்நஞ்சு ஏறத்தாழப் பத்து மடங்காகும். அந்நிலையில் பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் நீர் கலந்து கொண்டிருப்பவர், அருள் உள்ளத்தோடே மீனை நஞ்சில் ஊறவைக்கின்றார். எனவே நெடும்பயணப் பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் ஒப்பச் செய்து, திறந்தவுடன் காலந் தாழ்த்தாது மீனைத் தொட்டியிற் சேர்த்தலே தக்கது. வழிநீரை முற்றும் எறிந்துவிடுக.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. இல்லத்திலேயே பலநாள் நீர் மாற்றாத சாடியிற் கிடந்த மீனைப் பெருந்தொட்டிக்கு மாற்றுங்கால், இடம் இரண்டடி தொலைவேயாயினும் நீர் இரண்டும் வெவ்வேறு உலகம் எனலாம். சாடிநீர் நைட்ரேட்டு மிகுந்தும் புளித்தும் இருக்கும். அதனில் பையப்பையப் பழகிய மீனைத் தூயநீரில் திடீரென விடின், தூய்மையே அதற்குத் தீங்காகும். நான்கைந்து நாள் சாடிநீரில் ஐந்திலொரு பங்கை எடுத்து, அதனளவு தொட்டிநீரை நாள்தோறும் ஊற்றிப் பழக்கிப் பின் மாற்றுக.

குடியேறிய முதல்நாள் விளக்கு வேண்டா, இரையும் வேண்டா. மீன் மூலையில் ஒதுங்கியோ அடியிற் படுத்தோ இருப்பின் அஞ்சற்க. நிறம் மங்கலும் இயல்பே. ஓரிரு நாளில் மீளும். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, காற்றுக்காக ஓயாது மேலெழுந்து திணறுமாயின், அம்மோனியாவைச் சோதித்து, நாலிலொரு பங்கு நீரை அதே வெப்பமுள்ள புதுநீரால் மாற்றுக. மறுநாள் முதல் இரண்டு மூன்று சிறு குருணை போதும்; அதன் இரைப்பை அதன் கண்ணளவினதே என்பர் வளர்ப்போர். நண்பர்க்குக் காட்டும் பொருட்டுக் கண்ணாடியை எதிரே பிடித்து மணிக்கணக்கில் அதனைச் சினமூட்டுதல் நல்ல விளையாட்டன்று. இரண்டாவது ஆண்மீனைத் துணைக்கு விடுதல் எக்காலத்தும் ஆகாது.

இனி முதலிற் கூறி நிறுத்திய செய்தி. தேர்வு முடிந்து ஊர் செல்வார், மீனைக் கொல்ல மனமின்றி முக்கொம்பிற் கொணர்ந்து ஆற்றில் விட்டு, விடுதலை அளித்ததாக மகிழ்கின்றனர். மேற்கூறிய முறைகளை எல்லாம் அறிந்தார் இச்செயலின் தன்மையைத் தாமே உணர்வர். வெப்பத்தை ஒப்பிடாமல், நீரைப் பழக்காமல், நாற்புறமும் பெருமீன்களும் கொக்கும் நீர்க்காகமும் இரைதேடும் ஓட்டத்தில், மெல்லிய துடுப்பும் எட்டத் தெரியும் நிறமும் உடைய ஒரு வளர்ப்பு மீனை எறிதல் விடுதலையாகாது. அது ஒருகால் பிழைத்தாலோ, தீமை இன்னும் பெரிது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள அடிலெய்டு ஆற்றுச் சதுப்புகளில் இதே போர்மீன், இவ்வாறு வெளிப்பட்டதன் பயனாக, இனம் பெருக்கி நிலைத்துவிட்டது. நம் நாட்டில் 1952இல் கொணர்ந்த திலேப்பியாவாகிய ஜிலேபிக் கெண்டை, இன்று நாட்டுமீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டு குளந்தோறும் நிறைந்துள்ளது. தொட்டியைத் துடைக்கும் என்று வாங்கி, வளர்ந்தபின் வெளியே விட்ட தென்னமெரிக்க முள்மீனும் தமிழ்நாட்டு ஏரிகளில் வலைகளைக் கிழிக்கின்றது. போர்மீனின் உறவாகிய ஒரு சிறு நாட்டுமீன் நம் வாய்க்கால்களில் வாழ்கின்றது. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய அச்சிற்றுயிர், வந்தேறியின் நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடும்.

ஆகவே, வளர்க்க இயலாதார் மீனை வாங்கிய கடையிலேயே திரும்பக் கொடுக்கலாம், பெரும்பாலார் மறுப்பதில்லை. நகரிலேயே தங்கும் நண்பர் ஒருவரிடம் தொட்டியோடும் பஞ்சோடும் ஒப்புவித்தல் அதனினும் நன்று. அப்போது குடியேற்றமே வேண்டாது, மீன் தன் நீரிலேயே இருக்கும். தொட்டியைத் தூக்குமுன் நீரை மூன்றிலொரு பங்காகக் குறைத்துக் கொள்க. நிறைதொட்டியை அசைத்தால் அடிக்கண்ணாடி விரிசல் காணும். வடித்த நீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாது வாழைக்கு ஊற்றுக. நைட்ரேட்டு அதற்கு உரமாம். எம் நண்பர் இல்லத்தின் கொல்லையில் அந்நீர் பாயும் பூவன் வாழை இரண்டு குலை ஈன்றுள்ளது.